கைபடாத பெட்டி

மதியம் இரண்டரைக்கு அமுதவள்ளி போன் செய்தபோது ஜெயப்பிரியா தயிர்சாதத்தில் இரண்டாவது வாய் வைத்திருந்தாள். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை.

"அக்கா, ரசீது அடிக்க உக்காந்தேன். வெள்ளையம்மா பெரியம்மாவுக்கு நெலம் நொச்சியேந்தல்னு வருது. அவுகளுக்கு அங்கன ஒரு குழி நெலங்கூடக் கெடையாது."

அமுதவள்ளி, திருப்புல்லாணிப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தில் பயிர்க் காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவள். அந்தக் கம்ப்யூட்டர் படிவத்தைச் செய்து கொடுத்தது ஜெயப்பிரியா. இராமநாதபுரத்தில் அறையெடுத்துத் தங்கி வெப்சைட் செய்து பிழைப்பவள். நானூற்றுச் சொச்சம் பேர் பதிந்திருந்தார்கள். அன்று மாலை ஐந்துக்குள் பட்டியலைக் காப்பீட்டுத் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. நிவாரணம் நிலம் இருக்கும் கிராமத்தை வைத்துத்தான் வரும். கிராமம் மாறிப்போனால், பயிர் கருகியவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

படிவத்தில் இரண்டு பெட்டிகள்: குடியிருக்கும் ஊர், நிலம் இருக்கும் ஊர். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதானே என்று, முதலாவதைத் தேர்ந்ததும் இரண்டாவது தானாக நிரம்பும்படி செய்திருந்தாள். பெரிய உபகாரம்.

ஒரு பெட்டியை ஆள் கைவைத்து மாற்றினால் பிரவுசர் 'மாறிவிட்டது' என்று குரல் கொடுக்கும். சேஞ்ச் ஈவன்ட் என்பது அதுதான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் எழுதிய வரிகள் கிராம எண்ணை உள்ளே குறிக்கும். ஆள் தொடாமல் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே பெட்டியை நிரப்பினாலோ, பிரவுசர் வாயைத் திறக்காது. திரையில் ஊர்ப்பெயர் சரியாக நிற்கும். உள்ளே முந்தைய ஆளின் கிராம எண் அப்படியே கிடக்கும். சேமிக்கப்பட்டதும் அந்த எண் மட்டும்தான்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை, பத்துத் தடவை பார்த்தாள். பத்துத் தடவையும் தன் வீட்டு விவரத்தையே போட்டாள். வீடு செங்கவயல், நிலம் நொச்சியேந்தல். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பெட்டியைக் கையால் மாற்றினாள், பிரவுசரும் ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்தது.

கோளாறைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. ஏற்கெனவே பதிந்தவற்றுக்கு அது உதவாது. வீடு ஓர் ஊர், நிலம் வேறோர் ஊர் என்று பட்டியலில் நின்றவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் எது நிஜம், எது பொய் என்று நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். போனை எடுத்தாள். மணி இரண்டு ஐம்பது.

முதல் ஆளிடம் "கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு" என்றாள். ஐந்தாவது ஆளிடம் பொய் சொல்லத் தெம்பில்லை. "நான்தான் தப்புப் பண்ணிட்டேன். உங்க நெலம் எந்த ஊரு?" ஒருவர் பஸ்ஸில் இருந்தார், பாதிக்கு மேல் கேட்கவில்லை. ஒருவர் மோட்டார் மானியம் எப்போது வருமென்று கேட்டார். ஒருவர் நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை, ஐந்தாவது தடவை எடுத்துத் திட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது பெயர் சோணைமுத்து, அவள் சித்தப்பா. "எனக்கு நொச்சியேந்தல்தான், வேற எங்க?" என்றார். அவருக்கு அடுத்தே பதிந்தவர் தர்மராஜ், அவள் அப்பா. அவருக்கும் பட்டியல் நொச்சியேந்தல் என்றே காட்டியது. வரப்பு வரப்பாக அவள் நடந்த நிலம். கேட்பதற்கு என்ன இருக்கிறது? டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மூன்றே முக்காலுக்கு 'அய்யா' என்று அப்பாவின் எண் போனில் மினுங்கியது. துண்டித்தாள். நாலு இருபதுக்கு மறுபடி. துண்டித்தாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் ஏறியது. காய்ந்துபோன தயிர்சாதத்தைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எல்லாருக்கும் போன் போட்டியாம்ல தாயி. எனக்கு மட்டும் வரலையேன்னுதான் அடிச்சேன்."

"நம்ம நெலம் எனக்குத் தெரியாதாய்யா?"

"நொச்சியேந்தல்ல இந்த வருசம் வெதைக்கலையே. கண்மாயில தண்ணியில்ல, தரிசாக் கெடக்கு. இங்கன நம்ம ஊர்லயே குத்தகைக்கு எடுத்து மொளகா போட்டிருக்கேன். அன்னைக்குப் போன்ல சொன்னேன், நீ ஏதோ வேலையா ம் ம்னு இருந்த."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது.

"இதுவும் கருக ஆரம்பிச்சிருச்சு. காப்பீடு இருக்குன்னுதான் ஒரு தைரியம். பதிய உங்க சித்தப்பனோட போனேனா, செங்கவயல்னு தானா வந்து நின்னுச்சு. எம்மக செஞ்சதுன்னு படிவம் நெரப்புன அந்தப் பிள்ளைட்ட சொன்னேன்." அவர் சிரித்தார். "எல்லாம் சரியாத்தான போயிருக்கும்?"

தப்புப் பண்ணிட்டேன் என்று பிற்பகல் முழுக்க ஆள் ஆளாய்ச் சொன்னவள் அவள். நாற்பத்தொன்றாவது ஆளிடம் அது வாயில் வரவில்லை.