மஃரிபு நேரத்தில் ஓடும் புரோகிராம்

மருதமுனை மேட்டுவட்டையில், றுமைஸின் வீட்டுக் கணினியில், 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் முதல் அவன் மனைவி உம்முவின் மனமும் ஓடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. முழு மனமும் அல்ல, அவள் வெளியே காட்டிக்கொள்ளாத பகுதி மட்டும். எல்லாமாகச் சேர்த்து ஐந்நூறு மெகாபைட் வரும். வாயைப் பிளக்கிறவர்கள் பிளந்துவிட்டுப் போகட்டும். அந்த வருடம் எங்கள் ஊரில் இதைவிட அதிகம் பேசப்பட்டது சீனியின் விலைதான்.

றுமைஸ் வீட்டிலிருந்தபடியே கலியாண அழைப்பிதழ் வடிவமைப்பவன். 2016இல் வாங்கிய கணினி. பெருநாளுக்குப் பிறகு கலியாணங்கள் குவிகிற காலத்தில் அது படுத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் பெயரை அடித்தால், பெண்ணின் பெயரையும் அடித்து முடிக்கிற நேரத்தில்தான் முதல் எழுத்தே திரையில் விழும். பொழுது சாய்ந்து மஃரிபு நெருங்கினால் அதுவும் விழாது. கல்முனையில் கணினி வகுப்பு நடத்தும் பாண்டிருப்புக் கிருஷாந்தன் அவனுடைய கூட்டாளி. வந்து பார்த்துவிட்டு, "பின்னால என்னமோ ஓடுது மச்சான், உனக்குத் தெரியாம," என்றான். பதினான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். குறித்த நேரத்தில் அது தானாக எழும்பும், பின்னணியில் எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது, எப்போது தொடங்கியது, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட்டுப் படுத்துவிடும். முதல் நாள் ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் 'வழமையானவை' என்று ஒரு பட்டியலில் போட்டார்கள். அதில் உள்ளவற்றை அது எழுதாது, புதிதாக வருவதை மட்டும் எழுதும். அந்தப் பட்டியலை இருவரில் ஒருவராவது வாசித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஓட வைக்கட்டா?" என்று கிருஷாந்தன் கேட்டான்.

"மணிக்கூட்ட ஆரு பாக்குற? அஞ்சு வக்துக்கும் ஓடட்டும். எனக்கு அந்தக் கணக்குத்தான் சரி," என்றான் றுமைஸ்.

தொழுகை நேரம் நாளுக்கு நாள் நகரும், கணினிக்கு அது தெரியாது. ஆகவே பள்ளிவாசல் கலண்டரைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி, வெள்ளிக்கு வெள்ளி அதைப் பார்த்து நேரத்தை மாற்றி வைத்தான். கிருஷாந்தன் சிரித்தான். ஆனால் மணிக்கொருமுறை ஓடியிருந்தால், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே பத்து நிமிடம் மட்டும் நடந்துகொண்டிருந்த ஒரு காரியம் எவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

முதலில் வந்தவை சில்லறைகள். மத்தியானம் லுஹர் நேரத்தில், 'உம்மு: இறைச்சிக்கு உப்புப் போட்டனா', இரண்டு மெகாபைட். பின்னேரம் அஸருக்கு, 'உம்மு: ராத்தாவோட கோவம்', நாற்பது மெகாபைட், தொடங்கியது 2011; ராத்தா என்பது அவள் அக்கா. றுமைஸ் பயந்துபோய்க் கிருஷாந்தனைக் கூப்பிட்டான். அவன் இருக்கிற சோதனையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, வைரஸ் இவ்வளவு நல்ல தமிழ் எழுதாது என்று தீர்ப்புச் சொன்னான். அடுத்த வீட்டு முகைதீன்பாவா தன் பெயரும் வருகிறதா என்று இரண்டு நாள் வந்து பார்த்தார். வரவில்லை. மனுசன் முகம் சுருங்கித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

மஃரிபுக்கு வந்த வரி வேறு. 'உம்மு: றிப்னாவ உள்ளுக்குக் கூப்பிடுற.' நானூற்றுப் பன்னிரண்டு மெகாபைட். தொடங்கியது 2004 டிசம்பர் 26, காலை எட்டு ஐம்பத்தொன்று. அந்த நேரத்தில் கணினியின் வேலை முழுவதையும் அதுவே இழுத்துக்கொண்டது. அழைப்பிதழ்கள் மஃரிபோடு உறைந்துபோவதன் காரணம் அதுதான்.

றிப்னா அவர்களுடைய ஒரே பிள்ளை. கடலோரத்து வீட்டில் இருந்தபோது நாலு வயது. அன்று காலை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கடல் எடுத்தது, திருப்பித் தரவில்லை. எங்கள் ஊர்களில் மஃரிபு நெருங்கினால் தாய்மார் வாசலுக்கு வந்து பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். ஷைத்தான் நடமாடுகிற நேரம், பிள்ளைகள் வெளியே நிற்கக் கூடாது. உம்முவும் பதினெட்டு வருடமாக அந்த நேரத்தில் பின்வாசலில் போய் நின்றாள். கேட்டால், காயப்போட்ட உடுப்பு எடுக்கிறேன் என்பாள். மழை நாளிலும் அப்படித்தான் சொன்னாள், றுமைஸ் அதையும் நம்பினான். பிள்ளையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கதைத்தால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று இருவருக்கும் பயம். அந்த வரியை வாசித்த அன்று றுமைஸுக்கு வந்தது அழுகை அல்ல, வெட்கம்.

உம்முவுக்கு வருடக்கணக்காகத் தலையிடி, உறக்கமில்லை. டொக்டர்மார் தந்த குளிசைகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. ஆள் கரைந்துகொண்டே போனாள், இன்னும் எத்தனை நாள் தாங்குவாள் என்று றுமைஸ் நெஞ்சுக்குள் அஞ்சிக்கொண்டிருந்தான். ஆகவே ஒரு நாள் மஃரிபு தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொல்கையில், அந்த வரியைத் தேடிப் பிடித்து 'முடி' என்ற பொத்தானை அழுத்தினான். அன்பில்தான் செய்தான், அதில் சந்தேகமில்லை.

பின்வாசலில் நின்ற உம்மு, எதற்கு வந்தோம் என்று தெரியாதவளாக உள்ளே திரும்பி வந்தாள். அன்று இரவு இஷா தொழுதுவிட்டுப் படுத்தவள் விடியற்காலை சுபஹு வரை அசையவில்லை. ஒன்பது நாள் நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள், ராத்தா வீட்டுக்குப் போய்க் கோபம் தீர்த்துவிட்டும் வந்தாள். கணினியும் பறந்தது. பத்தாம் நாள் அலுமாரியை ஒதுக்கும்போது, மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டாள். "இஞ்ச பாருங்க, இது ஆர்ர புள்ளட சட்ட? நம்மட அலுமாரிக்குள்ள கெடக்கு."

றுமைஸ் அந்த நிமிடமே கிருஷாந்தனைக் கூப்பிட்டான். நிறுத்திய ஒன்றைத் திரும்ப ஓட்டுவதற்கு அதன் மூலக்கோப்பு வேண்டும், அந்தக் கணினியில் அப்படி ஒரு கோப்பே இல்லை. கிருஷாந்தன் ஒவ்வொரு மூலையாகத் தேடி, கடைசியில் முதல் நாள் போட்ட 'வழமையானவை' பட்டியலைத் திறந்தான். பிரிண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு வரி இருந்தது. 'றுமைஸ்: றிப்னாவ உள்ளுக்குக் கூப்பிடுற.' அதே நாள், அதே எட்டு ஐம்பத்தொன்று. உம்முவினது மஃரிபுக்கு மட்டும் எழும்பும், இது எந்நேரமும் ஓடுவது; பட்டியல் போட்ட அன்றும் ஓடிக்கொண்டிருந்ததால், தெரிந்த ஆள் என்று ஸ்கிரிப்ட் அதை எழுதாமலே விட்டிருக்கிறது.

கிருஷாந்தன் விசைப்பலகையைத் தள்ளி வைத்தான். பிறகு, "உன்ட இன்னும் ஓடுதுதானே மச்சான். எழும்பிப் போய் அவவுக்குச் சொல்லு. இதுல நான் செய்ய ஒண்டுமில்ல," என்றான்.

றுமைஸ் குசினிக்குள் போனான். உம்மு சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அது றிப்னாட சட்ட புள்ள. நம்மட மகள்ட," என்றான். பிறகு நிறுத்த முடியவில்லை. சீனி போடாமல் இடியப்பம் தின்னமாட்டாள் என்றான். செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று சண்டை பிடிப்பாள் என்றான். அன்று காலை, மகள் வாசலில் நிற்கட்டும் என்று சொன்னது தான்தான் என்றான். உம்முவின் கையிலிருந்த மீன் தண்ணீருக்குள் விழுந்தது.

"நானெல்லோ சொன்ன," என்றாள் உம்மு. "வெளிய வெளயாடு எண்டு நானெல்லோ அனுப்பின."

இருவரும் குசினி நிலத்தில் இருந்து இஷா பாங்கு சொல்லும் வரைக்கும் அழுதார்கள். இஷாவுக்கு ஸ்கிரிப்ட் எழுதிய வரியில் உம்முவினது மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, தொடங்கிய நேரம் பழைய அதே நேரம். ஆனால் அளவு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. பட்டியலில் கிடந்த றுமைஸினதும் அப்படியே குறைந்திருந்தது. இரண்டு புரோகிராம்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து வைத்துக்கொண்டால் அப்படித்தான் வரும் என்று கிருஷாந்தன் விளக்கம் சொன்னான். கணினிப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் மஃரிபுக்கு றுமைஸ் வேலையை நிறுத்திவிட்டு உம்முவோடு பின்வாசலில் போய் நின்றான். உடுப்புக் கொடியில் ஒன்றும் இருக்கவில்லை. உம்மு முதன்முறையாக வாய்விட்டுக் கூப்பிட்டாள், "றிப்னா, உள்ளுக்கு வா மகள்." றுமைஸும் கூப்பிட்டான். பக்கத்து வளவுகளிலும் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் எவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. உள்ளே வந்து பார்த்தபோது கோப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'றிப்னா: வாறன் உம்மா.' தொடங்கியது அன்று மாலை ஆறு பதினொன்று. அரை மெகாபைட்கூட இல்லை.

அதன் பிறகு ஒரு மஃரிபும் அது தவறவில்லை. ஐந்தாறு மாதம் கழித்துக் கணினியைத் துப்புரவு செய்ய வந்த கிருஷாந்தன், கோப்பு அந்த ஒரே வரியால் நீண்டுகொண்டே போவதைக் கண்டு உம்முவிடம் கேட்டான். "ராத்தா, இது ஒவ்வொரு நாளும் வருகுது. வழமையானதுல சேத்து விடட்டா? பிறகு எழுதாது."

"வேணாம் தம்பி," என்றாள் உம்மு. "வாற நேரமெல்லாம் எழுதட்டும்."