செவுள் வைத்த கப்பலின் தலைவி

மாவு சலிக்கும் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, தங்கை ஜன்னலோரம் நின்றாள். சல்லடைதான் விண்கப்பல் தலைவியின் கவசம். எதிரே உட்கார்ந்து அவளை வரைந்துகொண்டிருந்த அண்ணன், புத்தக அட்டைகளுக்குப் படம் வரைகிறவன்.

"மூக்கு அரிக்குதுண்ணா."

"கேப்டனுக்கு மூக்கு அரிக்காது."

"அப்ப கதை எழுதினவங்களுக்கு மூக்கே இல்லபோல."

சிறுவயதில் இருவரும் ஒரே போர்வைக்குள் படித்த கதைகளை மறுநாள் நடித்துப் பார்ப்பார்கள். அவன் கூசாமல் கேப்டனாகிவிடுவான். அவள் எப்போதும் இயந்திர மனிதன்தான். அந்தக் கதைகளில் எதிர்காலம்வரை போய்ச் சேர்ந்த பெண்கள் யாருக்கும் அவள் நிறம் இல்லை. இயந்திரத்திடம் யாரும் நிறம் கேட்கமாட்டார்கள். இப்போது அட்டைப்படத்துக்காக அவனிடம் வந்திருந்த நாவலில்தான் முதல் பக்கத்திலேயே தலைவி, மழையில் நனைந்த பாறையின் கறுப்போடு நடந்து வந்தாள். "இது நீதான். உன்னை வச்சுத்தான் வரையப்போறேன்," என்று அவன் வாக்குக் கொடுத்தான். தங்கை தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அதைத் தண்டோரா போட்டுவிட்டாள்.

பதிப்பாசிரியர் நல்ல மனிதர். படத்தை மனதாரப் புகழ்ந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, சுவர்வரை பின்னால் போய் நின்று பார்த்தார்.

"வானமும் கறுப்பு, பொண்ணும் கறுப்பு. கடையில தூரத்துலேர்ந்து பாத்தா கவசம் மட்டும் மிதக்கும் தம்பி."

அவன் வானத்தை மாற்றினான். விடியற்கால மஞ்சளில் அவள் எடுப்பாக நின்றாள்.

"விண்வெளியில ஏதுப்பா மஞ்ச வானம்? நம்பற மாதிரி இருக்க வேணாமா?"

அதே படத்தில் கப்பலுக்கு மீனைப்போலச் செவுள்கள் இருந்தன. ஆறு நிலாக்கள் இருந்தன. மூலையில் ஒரு பாறை அழுதுகொண்டிருந்தது. அவற்றையெல்லாம் அவர் நம்பினார். அதைச் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள், "பொண்ணை மாத்தச் சொல்லல. நிலா வெளிச்சம் கொஞ்சம் முகத்துல விழட்டுமேங்கறேன், அவ்வளவுதான்," என்றார்.

ஆறு நிலா இருந்தது வசதியாகப் போயிற்று. முதல் நிலாவின் வெளிச்சத்தை நெற்றியில் வைத்தான். போதவில்லை என்றார். அடுத்ததைக் கன்னத்தில் வைத்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும். 'வெளிச்சம்தானே' என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் தூரிகையைத் தொட்டான். வானம் பழையபடி கறுத்தது.

புத்தகம் வந்த அன்று, வேலை முடிந்து வந்த தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினாள். அட்டையைப் பார்த்தாள். வேறு யாரையோ தேடுகிறவள்போலப் பின்னட்டையைத் திருப்பினாள். மறுபடி முன்னட்டைக்கு வந்தாள்.

"அழகா இருக்காண்ணா."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான்.

"அது நிலா வெளிச்சம்மா. நீதான் அது. சல்லடையப் பாரு, கையப் பாரு."

"ஆமா, கை என்னுதுதான்."

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் விரல் தலைவியின் புருவத்தின்மேல் போய் நின்றது. நடைபழகும் வயதில் மேசை முனையில் மோதி அவளுக்கு விழுந்த தழும்பு அங்கே இருந்தது. எத்தனை திருத்தம் வந்தும் அதை மட்டும் அவன் தொடவில்லை. அது இருக்கும்வரை வாக்கைக் காப்பாற்றியதாகவே எண்ணிக்கொண்டிருந்தான்.

"இதையும் எடுத்திருக்கலாம்ண்ணா," என்றாள் மெதுவாக. "வேற யாரோன்னு நெனச்சுட்டுப் போயிருப்பேன்."



"கடையில கேப்பாங்களே..." என்று முனகினான்.

"உன் படத்தைப் போடலன்னு சொல்லிடறேன். வேற யாரோ வரைஞ்சதுன்னு."

புத்தகத்தை அலமாரியில் மற்றப் புத்தகங்களுக்கு நடுவே, அட்டை தெரியாதபடி செருகினாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து சல்லடை தட்டும் ஓசை கேட்டது.