மாப்பிள்ளைக்கு வயிற்று வலி

அஜ்மீருக்குக் கல்யாணமாகிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அவர்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேற வேண்டும். மாமனார் சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் மனைவி ஜுவைரியா, மாமியார் ரோஷன் பேகம், மாமியாரின் அக்கா, தங்கைகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்கள். அப்படிப்பட்ட வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு இடது விதையை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி எடுத்தால் புது மாப்பிள்ளை என்ன செய்வான்? வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அஜ்மீரும் அதைத்தான் செய்தான்.

ஷார்ஜாவில் வேலையில் இருந்தபோது இதே வலி இரண்டு தடவை வந்து, அரைமணியில் தானாகப் போயிருந்தது. இதுவும் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். போகவில்லை.

“என்ன மச்சான்?” ஜுவைரியா விழித்துக்கொண்டு கேட்டாள்.

“வயித்து வலி.”

அவ்வளவுதான், வீடே அந்த வயிற்றுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டது. ஓமத் தண்ணி வந்தது, சுக்குக் கஷாயம் வந்தது. “விருந்து விருந்துன்னு வீட்டுக்கு வீடு நெய்ச்சோறு தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?” என்று மாமியாரின் அக்கா கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். சிரிக்கிற நேரமா அது, பாவிப் பயல்!

ஒன்பது மணிக்கு ரோஷன் பேகமே அவனைத் தலத்தெருவில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். மருமகன் வாயைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வேற எங்கயாவது வலிக்குதா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அஜ்மீர் டாக்டரைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தான்.

“இல்லைங்க.”

வாய்வுக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

மதியம் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். விதை வீங்கி, கைலி பட்டாலே உயிர் போனது. நாலு மணிக்கு அவன் காலை அகட்டி வைத்து நடந்து வருவதைப் பார்த்த ஜுவைரியா அறைக் கதவைச் சாத்தினாள்.

“வயிறு வலிக்கிறவங்க இப்படி நடக்க மாட்டாங்க. எங்க வலிக்குது, சொல்லுங்க மச்சான்.”

சொன்னான். அவள் வெட்கப்படவும் இல்லை, ஒரு நிமிஷம் வீணாக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக் காரை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

சர்ஜன் கைலாசநாதன் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். “எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டார். அவன் சொன்னதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தே கால்.

“விதை உள்ளுக்குள்ள திருகிக்கிச்சு தம்பி. ரத்தம் போகல. அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம். இப்ப திறந்துதான் பாக்கணும்.”

திறந்தபோது அது கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சர்ஜன் கட்டிலருகே வந்தார். “ஒண்ணு நல்லா இருந்தா போதும், குழந்தை பொறக்கும். அதையும் திருகாம தைச்சு வச்சிருக்கேன். அடி பட்டா வலிக்கத்தான் செய்யும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். சும்மா இருக்கிறப்ப திடீர்னு வலிச்சா, தானா போயிட்டாலும், உடனே காட்டணும். வலியே இல்லாம கட்டி தட்டுப்பட்டாலும் காட்டணும். கூடப் பொறந்த தம்பி இருந்தா சொல்லி வைங்க. சில குடும்பத்துல அண்ணன் தம்பிக்கும் இது வரும்.”

அவர் போனதும் அஜ்மீர் அழுதான். “பக்கத்துலதானே படுத்திருந்தேன், என்கிட்ட சொல்றதுக்கு என்ன?” என்றாள் ஜுவைரியா. வெட்கம் என்று சொல்லவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. வார்டு வாசலில் ரோஷன் பேகம், பார்க்க வந்தவர்களிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவன் தம்பி காஜா நஜ்முதீன் சென்னை ஹாஸ்டலிலிருந்து போன் செய்தான்.

“நானா, ஆபரேஷனாமே? என்ன ஆச்சு?”

அஜ்மீர் வாசலைப் பார்த்தான். “ஒண்ணுமில்லடா. வயித்து வலி.”

“எனக்கும் போன மாசம் விடியகால திடீர்னு வந்துச்சு நானா. வாந்தி வேற. அப்புறம் தானா போயிடுச்சு.”

அஜ்மீர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். “எங்கடா வலிச்சுச்சு?”

அந்தப் பக்கம் அறையில் பையன்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“வயித்துலதான் நானா.”