உட்கார்ந்தால் போகும் பல்வலி

என் வீட்டுக்காரர் செமிசிக்குப் பல்வலி என்றபோது முதலில் நம்பாதவள் நான்தான். கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறும்போது மட்டும் வலிக்கிற பல்லை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தால் வலி போய்விடும். வேலைக்கு வலிக்கிறது, சாப்பாட்டுக்கு வலிக்கவில்லை, விவரமான பல்தான் என்று நாலு பேர் காதுபடவே சொன்னேன்.

ஞாயிறு ஆராதனையில் கோயிலிலும் அந்த வலி வந்தது. எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது இடது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு பாடுவார். பார்த்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தார்கள்.

எங்கள் தீவில் ஆண்கள் கூடி உட்கார்ந்து குடிக்கிற வேர்ச்சாறு காவா. அவருடைய காவாக் கூட்டாளி மஃபி, பல்லைப் பிடுங்கினால்தான் தீரும் என்று குறட்டோடு வந்து நின்றான். கடைவாய்ப் பல் ஒன்று போனது, வலி போகவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் பிடுங்கினான். இரண்டும் ஒரு சொத்தை இல்லாமல் தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தன.

ஆனால் காவாக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு சிரட்டை குடித்தால் வலி மாயமாய் மறைந்துவிடும். காவா குடித்தால் நாக்கும் உதடும் மரத்துப்போகும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு பல்லும் மரக்கிறது என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. காவாவால் குடும்பம் கெடுகிறது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்ட நானே அந்த வேரை இடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பல்லுக்காவது முறையான ஆளிடம் போகலாம் என்று டவுனுக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் லெசியேலி சின்னப் பெண். ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள், குளிர்ந்த தண்ணீர் அடித்தாள், எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. எப்போதெல்லாம் வலிக்கிறது என்று கேட்டுவிட்டுக் கருவியைக் கீழே வைத்தாள்.

"நடந்தா வலிச்சு, உக்காந்தா விடுற வலி பல்லுல வராது மாமா. நெஞ்சுல இருக்கற கோளாறு தாடைக்கு வந்து சொல்லுது. இன்னைக்கே இதயத்தப் பரிசோதிச்சுக்கங்க."

நெஞ்சு எங்கே, பல் எங்கே, பிடுங்கத் தெரியாத பெண் கதை சொல்கிறது என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கும் பாதி நம்பிக்கைதான். ஆண்டுக் காணிக்கை ஞாயிறு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு காலை கண் விழித்தால் மனிதர் பாயில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடல் காற்று சில்லென்று வீசுகிறது, அவர் முகமெல்லாம் வேர்வை. நடக்கவில்லை, பாடவில்லை, மூட்டை தூக்கவில்லை. உட்கார்ந்தால் போகும் வலி உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் வலியைப் போக்கியது காவா இல்லை, காவா குடிப்பதற்காக அவர் உட்கார்ந்ததுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், பிறகு கத்தினேன். பாட்டு முடியட்டும் என்றார். கோயிலுக்குப் போவதற்கு முன்னால் ரெண்டு சிரட்டை காவா குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். நல்ல உடுப்பு உடுத்தி, கோயிலுக்கென்று இடுப்பில் சுற்றுகிற பாயைக் கட்டி, தாடையில் கை வைத்தபடி சாகப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவரைத் தடுக்கக்கூடியவள் ஊரில் ஒருத்திதான், அவருடைய அக்கா சியாலே. என் நாத்தனார். எந்த விசேஷத்திலும் நல்ல பாயும் பெரிய பன்றியும் முதலில் அவளுக்குத்தான் போகும். அக்கா கேட்டால் தம்பி மறுக்கக் கூடாது, அதுதான் எங்கள் முறை. அந்த முறையைச் சபிக்காமல் நான் ஒரு கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. அவள் வாசலில் நானாகப் போய் நின்றது அன்றுதான்.

அழுதுகொண்டே சொன்னேன். அவள் உடனே வண்டிச் சாவியை எடுத்தாள்.

கொட்டகையில் சிரிப்புச் சத்தம். தம்பி இருக்கிற இடத்துக்கு, அதுவும் ஆண்கள் கேலி பேசுகிற இடத்துக்கு, எங்கள் முறைப்படி அக்கா வரவே மாட்டாள். சியாலே வாசலில் நின்றதும் எல்லாச் சத்தமும் அடங்கியது. தூக்கிய சிரட்டைகள் பாதியிலேயே நின்றன. நெஞ்சு, பல், உடம்பு எதையும் அவள் சொல்லவில்லை. அக்கா தம்பியிடம் அதெல்லாம் பேசுவதில்லை.

"செமிசி, வண்டி நிக்குது. வந்து ஏறு."

மஃபி மட்டும் தரையைப் பார்த்தபடி, இன்றைக்குப் பாட்டு இருக்கிறதே என்று இழுத்தான்.

"நீ பாடு," என்றாள்.

அவர் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ஒரு பக்கமாய்ப் போக, எங்கள் வண்டி மட்டும் எதிர்ப்பக்கமாய்ப் போனது.

ஆஸ்பத்திரியில் அவர் மார்பில் கம்பிகளை ஒட்டிப் பார்த்த டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "இதயத்துக்கு ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிட்டு வருதும்மா. இன்னைக்கு நின்னு பாடியிருந்தா அங்கயே விழுந்திருப்பாரு," என்றார். எங்கள் தீவில் அதற்கு வசதி இல்லாததால், பிறகு நியூசிலாந்துக்கு அனுப்பி அடைப்பை எடுத்தார்கள். இப்போதும் பாடுகிறார், பல் போன இடத்தில் கொஞ்சம் காற்று போகிறது, அவ்வளவுதான். லெசியேலிக்கு எங்கள் தோட்டத்தின் முதல் கிழங்கு போகிறது. அந்தப் பெண்ணை நினைக்காமல் நான் ஜெபம் பண்ணுவதில்லை.

ஆனால் அன்று மத்தியானத்தை நான் சொல்லியாக வேண்டும். சியாலே உள்ளே வரவில்லை. வெளியே சீமைப்பலா மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய், மருந்து ஏறுகிறது, உயிருக்குப் பயமில்லையாம் என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால்தான் அக்கா, உன்னால்தான் என்று அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை.

"சின்ன வயசுக்கப்புறம் நானும் தம்பியும் ஒரே அறையில உக்காந்ததில்ல ஃபூசி. அவன் முகத்த நேராப் பாத்தே எத்தனையோ வருஷமாச்சு. நீதானே தினம் பாக்கற. போய்ப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு."

போய்ப் பார்த்தேன். இருபது வருஷம் கோபத்தோடு பார்த்த முகத்தை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெற்றி வேர்வை காய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இடது கை தாடையில் இல்லை, வயிற்றின் மேல் சும்மா கிடக்கிறது. மூச்சு விடும்போது போர்வை ஏறி இறங்குகிறது.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

சொன்னேன்.