சுதன், மூன்று மாதம்

சகாயராணிக்குப் பிறந்தது மூன்று, இருப்பது இரண்டு. மூத்தவன் சுதன் பதினோராம் மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். முதல் பிறந்தநாளுக்கு நன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டதில், மூன்றாம் மாதம் ஞானஸ்நானத்தன்று குர்லா ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படம்தான் அவனுக்கு மிச்சம். கல்லறைகூட இல்லை. பம்பாயில் செத்தவர்களுக்கும் இடம் கிடையாது. சில வருடத்திலேயே அந்தக் குழியைத் தோண்டி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் கல்லறைத் திருநாளன்று ஊர் ஜனமெல்லாம் பூவோடு கிளம்பும்போது, சகாயராணி செம்பூர் வீட்டிலேயே ஆல்பத்தைத் திறந்து வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். படத்தின் கீழே, கறுப்பு அட்டையில் வெள்ளைப் பென்சிலால் கணவர் அமிர்தநாதன் எழுதியிருப்பார்: ‘சுதன். மூன்று மாதம். அழுது ஓய்ந்த பிறகு.’ படத்தின் முதுகில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார் மனுஷன், மை முகத்துக்கு ஊறிவிடுமாம். அவரும் போய் ஆறு வருடம் ஆகிறது.

இந்த வருடம் மகன் அஜினுக்கு அம்மா மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆல்பத்தைக் கடையில் கொடுத்து, படங்கள் டிவியில் ஓடும்படி செய்து, அசல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தான்.

“ஆல்பம் எங்கலே?”

“பூரா பூஞ்சைம்மா. போட்டோவை உரிச்சு எடுத்துட்டு, பழைய பேப்பர் எடுக்கிற ரத்திவாலாகிட்ட போட்டாச்சு.”

“அதுல அப்பா எழுதியிருந்தாவளே?”

“எனக்குத் தமிழ் எங்க படிக்க வரும்? யாரு யாருன்னு சொல்லத்தான் நீ இருக்கியே.”

படம் இருக்கிறதே என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள். திருநாள் காலையில் கவரைப் பிரித்துச் சுதனைத் தேடினாள். தன் மூன்று குழந்தைகளின் படமும் கையில் இருந்தது. மூன்றுக்கும் அதே ஞானஸ்நானக் கவுன், காதை மூடிய அதே தொப்பி, ஸ்டுடியோவின் அதே வெல்வெட் தலையணை. மூன்றுமே அழுது ஓய்ந்த முகம்தான்.

அஜின் கல்யாணில் இருக்கும் தங்கை ஜெனிஃபரை வீடியோ காலில் பிடித்து, படங்களை வரிசையாகக் காட்டினான்.

“நடுவுல உள்ளது நான்தான், பக்கா,” என்றாள் அவள்.

“அரே, அது நான்டி!”

அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அஜின் அடங்கினான்.

“மூணுக்கும் ஏத்திடேன்மா. என்ன இப்போ?”

“உயிரோட இருக்க பிள்ளைங்களுக்கு என் கையால மெழுகுவர்த்தி ஏத்தச் சொல்லுதியா?”

அவள் ஒவ்வொரு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த வரி மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் நினைவில் இருந்தது. எந்த முகத்துக்குக் கீழே என்பதுதான் தெரியவில்லை. இத்தனை வருடமும் பிள்ளை முகத்தைப் பார்த்து அழுததாகத்தான் நினைத்திருந்தாள். அவர் எழுத்தைப் படித்துவிட்டு அல்லவா அழுதிருக்கிறாள்! அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“பெத்தவளுக்கே தெரியல,” என்றாள்.

தோளைத் தொட வந்த அஜினைத் தள்ளிவிட்டு, மூன்று படங்களையும் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அந்த வருடம் சுதனுக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.