வலது பக்கத் திரை

ஜபீனின் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள் இருந்தன. இடது பக்கம் பின்புறம் பெருத்த பழைய திரை. வலது பக்கம் தட்டையான புதுத் திரை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்பு உறைகள் வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் இரண்டு திரை கிடையாது. புதுத் திரை வந்த அன்று மற்றவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இடது பக்கம் அன்றன்று வார்த்த சரக்கின் எக்செல். வலது பக்கம் எந்த லாரியில் எது போக வேண்டும் என்ற எக்செல். இங்கே ஓர் எண்ணை மாற்றினால் அங்கே தானாக மாறும். அவளே யோசித்துச் செய்தது. செய்து கொடுத்த நாளிலிருந்து அவளால் லீவு எடுக்க முடியவில்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. மறுநாள் பழவேற்காட்டில் அவள் வீட்டுக்கே ஆளனுப்பி அவளை அழைத்து வந்தார்கள்.

இப்போது திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு பி.எட். இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவை மேனேஜர் அருணாச்சலத்தின் அறையில், இரும்பு பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும் எல்லோருமே அங்கே கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தார்கள். அதை யாரும் தவறாக நினைத்ததில்லை, திருப்பிக் கேட்கும் நாள் வரும் வரை.

"ஒரு ஆள ரெடி பண்ணிக் குடுத்துட்டு தாராளமா போம்மா" என்றார் அருணாச்சலம்.

அந்த ஆள் அன்புசெல்வன். கவரைப்பேட்டைக்கு உள்ளே நெல் விவசாயம் செய்யும் குடும்பத்துப் பையன்; பி.எஸ்சி. முடித்துவிட்டு, சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்சில் இருந்தான். அவனுக்கு அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே எக்செலுக்குள் இரண்டு கோப்புகளையும் திறக்க வேண்டும். பிறகு அதன் ஓரத்தைப் பிடித்து இரண்டு திரைக்கும் சேர்த்து இழுத்து நீட்ட வேண்டும். திரைக்கு ஒன்றாக இரண்டு எக்செல் திறந்தால் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் இடது பக்கம் மாற்றியது வலது பக்கம் போய்ச் சேராது.

அன்புசெல்வன் ஒவ்வொரு முறையும் இரண்டு எக்செல்தான் திறந்தான்.

புதன்கிழமை மதியம் அருணாச்சலம் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவன் இடது பக்கம் ஓர் எண்ணை அடித்தான். வலது பக்கம் அசையவில்லை.

"இவன நம்பி லாரி அனுப்பினா ஆந்திராவுல சூளூர்ப்பேட்டையில போய் நிக்கும்" என்றார். "அடுத்த வருசம் படியேன் ஜபீன். காலேஜ் எங்க ஓடிடப் போவுது?"

அவள் இரண்டு திரைகளும் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடுக்கில் எப்போதும் ஒரு கட்டம் பாதியாக வெட்டுப்பட்டுத் தெரியும். எத்தனையோ முறை நகர்த்திப் பார்த்தும் ஏதாவது ஒன்று அங்கே மாட்டிக்கொள்ளத்தான் செய்தது.

தொழுதுவிட்டுத் திரும்பியபோது கதவருகிலேயே நின்றுவிட்டாள். லாரி டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாக, "தம்பி, இன்னிக்கு என் வண்டிக்கு லோடு கீதா, இல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்புசெல்வன் ஒரே எக்செலைத் திறந்து, ஒரே இழுப்பில் இரண்டு திரைக்கும் நீட்டி, இடது பக்கம் ஓர் எண்ணைப் போட்டான். வலது பக்கம் மாறியது. "கீதுண்ணா. நாலு மணிக்கு வா" என்றான். டிரைவர் போனார்.

"உனக்குத் தெரியும்" என்றாள் ஜபீன்.

அவன் திரும்பவில்லை. "மொத நாளே தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்?"

"வள்ளூர் பவர் பிளாண்டுல ஆள் எடுக்கறாங்கோ. மாமா சொல்லி வச்சிகினு கீறாரு. நான் இத்த கத்துகினேன்னு தெரிஞ்சா அப்பறம் என்னையும் வுட மாட்டாங்கோ. என் சர்ட்டிபிகேட்டும் அதே பீரோவுலதான் கீது."

"எனக்கு வெள்ளிக்கிழமை கடைசி, அன்பு."

"தெரியும். அதான் பேஜாரா கீது. அக்கவுண்ட்ஸ் கலியன் சாருக்கு கத்துக் குடேன்" என்றான்.

"அவரு மவுச எலி புடிக்கிற மாதிரி புடிக்கிறாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் உலை இரைந்துகொண்டிருந்தது. அவன் சொன்னது ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்தது; புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த இடத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அது யார் என்பது மட்டும்தான் மீதி. அவளுக்காக அவன் இன்னொரு வழி யோசிக்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள். அவனும் அவளைப் பற்றி அதையே நினைத்திருக்கலாம்.

அருணாச்சலம் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். அன்புசெல்வன் சட்டென்று எல்லாவற்றையும் மூடினான்.

"இன்னாடா, வந்துச்சா?"

"இல்ல சார். மண்டையில ஏற மாட்டுது."

அவர் போகத் திரும்பினார். வாசலையும் தாண்டிவிட்டார்.

"வருது சார்" என்றாள் ஜபீன். "இப்பத்தான் செஞ்சான். நான் பார்த்தேன்."

அருணாச்சலம் திரும்பி வந்தார். "எங்க, செய்."

மறுபடியும் தப்பாகச் செய்ய அவனுக்கு ஒரு நொடி போதும். செய்தால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். அவர் தன்னை நம்ப மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மவுஸின் மேல் இருந்த கையைத்தான் பார்த்தாள். அது வெகுநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே எக்செலைத் திறந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தது. இடது பக்கம் ஓர் எண். வலது பக்கமும் அதே நொடியில் மாறியது.

"பரவால்லியே" என்றார் அருணாச்சலம். பாக்கெட்டில் சாவியைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போனார். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஜபீன் ஏதாவது சொல்ல நினைத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"இந்தச் சேரு எனக்கு ஒசரமா கீதுக்கா. எப்பிடி எறக்கறது?"

அவள் குனிந்து அடியில் இருந்த பிடியைக் காட்டினாள். அவன் அழுத்தினான். நாற்காலி அவனோடு மெல்லக் கீழே இறங்கியது.