மூத்தவர் நாற்காலி

முதியோர் மன்றத்தில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை வைத்தது ஒன்றுதான். மன்றத்தில் யார் எல்லாரையும்விட மூத்தவரோ அவருக்கு அது. மாலை டீயும் முதலில் அந்த நாற்காலிக்குத்தான் போகும்.

ஆறு மாதமாக அதில் டெய்லர் உட்கார்ந்திருக்கிறார். அசல் வயது எழுபத்து நாலு. சேர வந்த அன்று நாற்காலியைப் பார்த்தார், அதிலிருந்த எண்பத்தொரு வயது போஸ்ட்மேனைப் பார்த்தார், வாய் கூசாமல் "எண்பத்திரண்டு" என்று அடித்துவிட்டார். செயலாளரான கணக்கு டீச்சர் அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லும் பைத்தியக்காரன் உலகத்தில் உண்டா என்பது அந்த அம்மாவின் கட்சி.

வெறும் மெத்தைக்காக அவர் அப்படிப் புளுகவில்லை. மனைவி போன பிறகு, வீட்டில் எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சியதுதான் அவர் கைக்கு வரும். மருமகள் கெட்டவள் இல்லை, அவளுக்கு ஆயிரம் வேலை. இங்கே முதல் டீ அவருக்கு. அதற்காக இன்னும் பத்து வயது கூட்டச் சொன்னாலும் கூட்டுவார்.

அப்படிப்பட்ட இடத்துக்கு அக்கா வந்து சேர்ந்தாள். மகள் வீட்டோடு பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தவள், மன்றத்தில் சேராமல் இருப்பாளா? தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பளிச்சென்று வந்து நின்றாள். தம்பியைவிட மூன்று வயது பெரியவள். அவள் வாயைத் திறந்தால் டெய்லர் கதை கந்தல். படிக்கட்டிலேயே மடக்கினார்.

"அக்கா, உள்ள எனக்கு எண்பத்திரண்டு. காட்டிக் குடுத்துடாதே."

"எனக்கு அறுபத்தெட்டு. நீயும் வாயை மூடிக்கோ."

ஆக, படியேறி முடிப்பதற்குள் அக்கா தங்கையாகிவிட்டாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து ஏவல் கேட்டே வளர்ந்த மனிதருக்கு அண்ணன் பதவி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? "தங்கச்சி, ஜன்னலைச் சாத்து." சாத்தினாள். "தங்கச்சி, அந்தப் பேப்பரை எடு." பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். அவள் "சரிங்கண்ணே" என்று சொல்லும்போதெல்லாம் டெய்லருக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு வாரம் தாங்கினாள். அன்றைக்கு முதல் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு டெய்லர் முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, ஆறிப்போச்சு, சூடு பண்ணி எடுத்துட்டு வா. சின்னப் பிள்ளையிலேயே இவ சோம்பேறி, டீச்சர். நடக்கவே மாட்டா. நான்தான் இடுப்புல தூக்கிச் சுமந்தேன்."

அக்கா எழுந்து வந்து அவர் காதைப் பிடித்தாள். அந்தக் காதுக்கு அந்தப் பிடி பழக்கம்தான்.

"யாருடா யாரைச் சுமந்தது? மூணு வயசு மூத்தவடா நான்! மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு என் இடுப்புல உட்கார்ந்து ஊரைச் சுத்தினவன் நீ!"

"ஐயோ, விடுக்கா!"

கேரம் ஆட்டம் நின்றது. டெய்லர் வாசலைப் பார்த்தார். நாற்காலி போச்சு, டீ போச்சு, இனி இந்தப் படியை எந்த முகத்தோடு மிதிப்பது?

கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இருங்க. இவருக்கு எண்பத்திரண்டு. இந்தம்மா மூணு வயசு பெரியவங்க. அப்போ இவங்களுக்கு எண்பத்தஞ்சு!"

மன்றமே கைதட்டியது. "எண்பத்தஞ்சா! பார்த்தா சொல்லவே முடியாதே!" என்று வாயைப் பிளந்தார் போஸ்ட்மேன்.

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். மறுத்தால் தம்பியின் புளுகு சந்தி சிரிக்கும். காதைத் தடவிக்கொண்டு அவர் பார்த்த பார்வை, அந்தக் காலத்தில் கண்ணாடிச் சிமிழை உடைத்துவிட்டு அவள் பின்னால் ஒளிந்தபோது பார்த்த அதே பார்வை.

"ஆமா," என்றாள், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு. "எண்பத்தஞ்சுதான்."

டெய்லர் எழுந்து வழிவிட்டார். அக்கா மெத்தையில் உட்கார்ந்தாள். புதிதாகப் போட்ட டீ முதலில் அவளுக்கு வந்தது. பக்கத்தில், காற்று எட்டாத மர நாற்காலியில், டெய்லர் குனிந்த தலை நிமிரவில்லை.

"எட்டு வயசை ஏத்திவிட்டுட்டியேடா, பாவி," என்று யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தாள் அக்கா. பிறகு அந்த டம்ளரை அப்படியே அவர் கையில் வைத்தாள்.

"சூடா இருக்கு. முதல்ல நீ குடி. எனக்குப் பாதி வை."